அடுப்பில் இல்லாத காலிஃப்ளவர்

அத்தியாயம் 11

ஒரு வாரத்துக்குள் இருபத்து மூன்று காலிஃப்ளவர் வந்து இறங்கினால் அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? காலிஃப்ளவர் பேச்சுதான் நடக்கும். காலையில் காலிஃப்ளவர், மதியம் காலிஃப்ளவர், சாயங்காலம் யாராவது பசிக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அப்போதும் காலிஃப்ளவர்.

மாஸ்டர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பெரிய ஓட்டல் ஒன்றின் சமையலறையில் பதினெட்டு வருஷம் நின்றவர். அந்த ஓட்டலை இழுத்து மூடி நாலு மாதம் ஆகிறது. இப்போது ஆஸ்பத்திரிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கும் அவருடைய தங்கை, வீட்டில் எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், அண்ணனுக்காக உணவு அதிகாரியம்மாவிடம் போய் நின்றாள். அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எங்க நோயாளிங்க காலிஃப்ளவர்னாலே தட்டைத் திருப்பி அனுப்பிடறாங்க. உங்க அண்ணன் அதை அஞ்சு விதமா செஞ்சு காட்டட்டும். மறுபடியும் அதுவான்னு யாரும் மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது."

அந்தப் பரீட்சை இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு.

மாஸ்டரின் மனைவிக்குப் பரீட்சையைவிடப் பெரிய கவலை ஒன்று வயிற்றில் உட்கார்ந்திருந்தது. போன வாரம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் நாலாக மடித்த ஒரு சீட்டு கிடைத்ததே, அதுதான். மேலே 'காது, மூக்கு, தொண்டை' என்று டாக்டரின் முத்திரை. தேதி ஆறு வாரத்துக்கு முந்தையது. அதற்குக் கீழே இருந்த கிறுக்கலில் ஓர் எழுத்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

டாக்டரிடம் போனதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. அவள் நினைப்பு காதில் நிற்கவில்லை, மூக்கிலும் நிற்கவில்லை, நேராகத் தொண்டைக்குப் போய்விட்டது. அவளுடைய பெரியப்பா தொண்டையில் கட்டி வந்துதான் போய்ச் சேர்ந்தார். பரீட்சை முடிகிறவரை கேட்க வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு நாளை ஓட்டிவிட்டாள். ராத்திரி அவர் தண்ணீர் விழுங்கினால்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

இன்று காலையிலும் டீ டம்ளரை எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் வந்தாள். மாஸ்டர் மேடையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பாத்திரமெல்லாம் நேற்று மதியமே கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. மேடைமேல் மிச்சம் ஒரே ஒரு காலிஃப்ளவர், இலையோடு.

"தொண்டை எப்படி இருக்கு?"

"என் தொண்டைக்கு என்ன?"

"இல்ல, இருமின மாதிரி இருந்துது."

"நான் எங்க இருமினேன்? உன் தையல் மிஷின் இருமியிருக்கும். ரெண்டு சொட்டு எண்ணெய் விடு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"வேகவைக்கற வேலையே கிடையாது. பழகினதெல்லாம் போதும். இந்த ஒரு பூவைப் பச்சையா நறுக்கி டப்பாவுல போட்டுக்கிட்டா வேலை முடிஞ்சுது. மத்ததெல்லாம் அவங்களே தர்றாங்க." விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். "முழுப்பூ ஒண்ணு, தயிரும் மிளகும் பூசி மூடி போட்ட கனத்த சட்டியில. அதுக்கு நான் வெச்ச பேரு தலைவர். தடியா பலகை பலகையா அறுத்து ரெண்டு பக்கமும் செவக்க வறுத்தது ஒண்ணு. துருவி, சீரகத்தோட நாலே நிமிஷம் பெரட்டினா சோறு மாதிரி உதிரும், அது சர்க்கரைக்காரங்களுக்கு. பூண்டு போட்டு மசிச்சது, பல்லு இல்லாதவங்களுக்கு. அப்புறம் எல்லாரும் தூக்கிப் போடற தண்டும் இலையும் இருக்கே..."

"சூப்பு. தெரியும். நாலு நாளா அதைத்தானே குடிக்கறேன்."

"நல்லா இருக்கில்ல?"

"நல்லாத்தான் இருக்கு. வீடுதான் நாறுது."

அதுவும் உண்மைதான். காலிஃப்ளவர் ஏழு நிமிஷத்துக்கு மேல் வெந்துவிட்டால் அதற்கென்று ஒரு வாடை வந்துவிடும், அழுகின முட்டை மாதிரி. மூன்று நாளாக அந்த வாடை வீட்டைவிட்டுப் போகவே இல்லை. வெந்த தண்ணீரைக் கொல்லையில் கொட்டச் சொன்னாள். தோலும் காம்பும் போன குப்பைக்கூடையை வாசலுக்கு வெளியே வைத்தாள். ம்ஹூம். முந்தாநாள் ஒரு அம்மா தைத்து வாங்கிப் போன சட்டையைத் திரும்பக் கொண்டுவந்து, "துணியில என்னங்க வாடை?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள். தையல்காரிக்கு அதைவிட அவமானம் வேண்டுமா? அன்றிலிருந்து அவள் சமையலறைக் கதவையும் ஜன்னலையும் இறுக்கச் சாத்திவிட்டுத்தான் முன் அறையில் மிஷினில் உட்காருகிறாள். கதவின் அடியில் இருந்த இடுக்கில் வெட்டுத்துணியை வேறு சுருட்டித் திணித்திருந்தாள்.

இன்றைக்கும் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தி, துணியைக் காலால் தள்ளினாள். உள்ளே மாஸ்டர் அடுப்பை முன்னால் இழுக்கிற சத்தம் கேட்டது. பின்னால் விழுந்த மூடியை எடுக்கிறார் போல.

பத்தரை மணி வரைக்கும் ஒரு ரவிக்கைக்கு ஓரம் மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள். கை ஒரு பக்கம், நினைப்பு ஒரு பக்கம் என்றால் ஊசி சும்மா இருக்குமா? கட்டைவிரலில் ஏறியது.

விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தாள். இந்த மனுஷன் மாறித்தான் போயிருக்கிறார். முன்பெல்லாம் தெருமுனையில் திரும்பும்போதே, "மூணாவது வீட்டுல வெங்காயத்தைக் கருக்கிட்டாங்க" என்று சொல்கிறவர். இப்போது எதற்கெடுத்தாலும் கடிகாரத்தைப் பார்க்கிறார். போன மாதம் ஒருநாள் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கிடம் வைத்துக்கொண்டு கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். கேட்டதற்கு, ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்க்கிறாராம். வலியைத்தான் மறைக்கிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

பதினொரு மணிக்குச் சின்னவள் வந்தாள். விடியற்காலை ஆறு மணிக்கே போய், வார்டு வார்டாக ரத்தம் எடுத்துவிட்டு இந்த நேரத்துக்குத்தான் திரும்புவாள். அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் மாஸ்டர் டீக்குத் தண்ணீர் வைப்பது வழக்கம்.

"என்ன அண்ணி, இன்னைக்குமா வேகவைக்கறார்? வாடை வாசல் வரைக்கும் வருது."

"ஆமா, உங்கண்ணன்கிட்டச் சொல்லி..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இன்றைக்கு வேகவைக்கிற வேலையே கிடையாது. அவரே சொன்னார். பாத்திரமெல்லாம் கவிழ்ந்து கிடந்ததை அவளே பார்த்தாள். நேற்று மதியத்துக்கு அப்புறம் இந்த வீட்டில் ஒரு காலிஃப்ளவரும் அடுப்பு ஏறவில்லை.

அப்படியென்றால் இது என்ன வாடை?

ரவிக்கை எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். வாடை முகத்தில் அறைந்தது. அது காலிஃப்ளவர் இல்லை.

மாஸ்டர் அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். டீச்சட்டி அடுப்புமேல் இருந்தது. இடது கை குமிழில். வலது கையில் லைட்டர்.

"அடிக்காதீங்க!"

அவள் குரலா அது? அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"என்ன?" என்று அவர் திரும்பினார். கட்டைவிரல் லைட்டரின்மேலேயே இருந்தது.

"கையை எடுங்க! லைட்டரை எடுத்துட்டு வெளிய போங்க! கேஸு!"

"கேஸா?" அவர் முகத்தில் நிஜமான திகைப்பு.

அவள் மேடைக்கு அடியில் குனிந்து ரெகுலேட்டரைத் திருப்பி மூடினாள். அங்கே கீழேதான் அத்தனையும் தேங்கி நின்றது, மூச்சை அடைத்தது. டியூப் வளைகிற இடத்தில், அடுப்பை இழுத்த இழுப்பில், ஒரு விரல் நீளத்துக்கு வாயைப் பிளந்திருந்தது. மூன்று நாளாகச் சின்னதாகக் கசிந்துகொண்டிருந்த வெடிப்பு. அவள் தினமும் படுக்கப் போகுமுன் சிலிண்டரை மூடிவிடுகிற பழக்கம்தான் இதுவரை காப்பாற்றியிருக்கிறது.

பின்னால் வந்த சின்னவள் காற்றாடியைப் போடக் கையை நீட்டினாள்.

"சுவிட்சைத் தொடாதடி! கொல்லைக் கதவைத் திற!"

ஜன்னலையும் கதவையும் விரியத் திறந்து போட்டுவிட்டு மூன்று பேரும் கொல்லைப் படியில் வந்து விழுந்தார்கள். மாஸ்டரின் கையில் லைட்டர் இன்னும் இருந்தது. மனைவி அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு மணி நேரமா அதுக்குள்ளயே நிக்கறீங்களே. உங்களுக்கு வாடை வரலையா?"

"காலிஃப்ளவர்னு..."

"பொய் சொல்லாதீங்க. இன்னைக்கு எந்தக் காலிஃப்ளவரை வேகவெச்சீங்க?"

அவர் கொல்லைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் வரலை. ரெண்டு மாசமா எதுவுமே வரலை. அப்ப ஒரு காய்ச்சல் வந்துதே, அதோட வாசனை போச்சு. நாக்குல உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, அவ்வளவுதான். டாக்டர்கிட்டப் போனேன். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்னார்."

"அதுக்குத்தானா அந்தச் சீட்டு? தொண்டைக்கு இல்லையா?"

"தொண்டைக்கா? எனக்கா?"

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. ஏழு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ஒரு நொடியில் இறங்கியது. கட்டி இல்லை. சாவு இல்லை. சிரிப்பு பாதியில் அழுகையாகி, அழுகை பாதியில் கோபமாகி, அவர் தோளில் நாலு அடி வைத்தாள்.

"சொல்லித் தொலைச்சா என்ன? நான் கதவைச் சாத்தி, துணியை வேற அடைச்சு வெச்சேனே! வீட்டோட போயிருப்போமே!"

"சமையல்காரனுக்கு மூக்கு இல்லைன்னு எந்த வாயால சொல்றது?" என்றார் மாஸ்டர். அவர் கண் கலங்கி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "கடிகாரத்தை வெச்சு சமாளிச்சேன். எண்ணெய்ச் சத்தம் மாறும், அதைக் கேப்பேன். கத்தி முனையால குத்திப் பாப்பேன். நீ நல்லா இருக்குன்னு சொன்னா சரி."

சின்னவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இன்னைக்கு இதை அங்க சொல்லாதீங்க."

"சின்னவளே!" என்றாள் அண்ணி.

"அண்ணி, நான் என் பேரைக் கொடுத்து நின்னிருக்கேன். எங்க அண்ணன் மூக்காலயே உப்பு பார்ப்பார்னு பெருமை பேசிட்டு வந்திருக்கேன். இப்பப் போய் மூக்கே இல்லைன்னா நாளைக்கு நான் அங்க தலை காட்ட முடியுமா? முதல்ல வேலையில சேரட்டும். கூட நாலு பேர் இருப்பாங்க, யாராவது முகர்ந்து பாத்துக்கட்டும்."

"அங்க படுத்திருக்கறவங்க ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை நம்பிச் சாப்பிடறவங்கடி."

"நான் மட்டும் அந்த வேலையை நம்பாமயா இருக்கேன்?"

மாஸ்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் என்ன சொல்கிறாளோ அதைச் செய்கிற பார்வை அது. அவளோ, சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, சொல்லாதீர்கள் என்றும் சொல்லவில்லை. நாலு மாதமாக அந்த மனுஷன் வேலையில்லாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இந்த ஒரு வாரம்தான் அவர் சீட்டியடித்தார். "டியூப் மாத்த ஆளைக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அப்படி எழுந்து போனது தப்பு என்று போகும்போதே அவளுக்குத் தெரிந்தது.

நாலு மணி.

ஆஸ்பத்திரிச் சமையலறை ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கிற அளவுக்குப் பெரிசு. பளபளவென்று மேடைகள். தலையில் தொப்பி போடாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்பதால் மனைவி வாசற்படியிலேயே நின்றாள். சின்னவள் வெள்ளைக் கோட்டோடு தாழ்வாரத்தில் அவளுக்குப் பின்னால் நின்றாள்.

மாஸ்டர் உள்ளே கடிகாரத்துக்கு எதிரே இருந்த அடுப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். அது ஏன் என்று வாசலில் நின்றவளுக்கு மட்டும்தான் தெரியும். மூடியைத் திறக்காமலே காதைச் சாய்த்துக் கேட்டார். கத்தி முனையால் குத்தி, இழுத்து, தலையாட்டிக்கொண்டார். ஐந்து தட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உணவு அதிகாரியம்மா ஒல்லியானவர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கரண்டி எடுத்தார். சூப்பில் மட்டும் மூன்று கரண்டி.

"இந்தத் தண்டைத்தான் நாங்க தினமும் ரெண்டு கூடை குப்பையில போடறோம்" என்றார். பிறகு முழுப்பூவில் ஒரு துண்டை அறுத்து மென்றுகொண்டே தலையை ஆட்டினார். "யாரும் இதைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

வாசலில் நின்றவள் மூச்சை விட்டாள். அவசரப்பட்டுவிட்டாள்.

அதிகாரியம்மா ஓரத்தில் இருந்த ஒரு பால் பாத்திரத்தை எடுத்து மாஸ்டர் முன்னால் வைத்தார். "கடைசியா ஒண்ணு. இது மதியம் வந்த பால். ஆறு மணிக்கு வார்டுக்குப் போகணும். முகர்ந்து பாத்துச் சொல்லுங்க, அனுப்பலாமா? வாயில வைக்காதீங்க, இங்க யாரும் வாயில வெச்சுப் பாக்கக் கூடாது."

மாஸ்டர் பாத்திரத்தைத் தூக்கினார். மூக்கருகே கொண்டுபோனார். மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, இந்தத் தடவை அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் கண் பாத்திரத்தின் விளிம்புக்கு மேலாக வாசலைத் தேடி வந்தது.

இவ்வளவு தூரத்தில் அவளுக்கு என்ன தெரியும்? ஆமென்று தலையை ஆட்டுவதா, இல்லையென்று அசைப்பதா? அவள் கைகள் முந்தானையை முறுக்கின. பின்னாலிருந்து சின்னவள் அவள் முழங்கையைப் பிடித்தாள், விரல்கள் சில்லென்று இருந்தன. மனைவி தலையை அசைக்கவே இல்லை. அவரை அப்படியே பார்த்தாள். காலையில் அவர் லைட்டரோடு நின்றபோது பார்த்த அதே பார்வை.

மாஸ்டர் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு வாசனை தெரியாதும்மா. ரெண்டு மாசமாச்சு."

கரண்டி கழுவிக்கொண்டிருந்த ஒருவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அதிகாரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இப்ப அஞ்சு தட்டு செஞ்சீங்களே?"

"அது கடிகாரத்தை வெச்சு, சத்தத்தை வெச்சு, கத்தியை வெச்சு. பால் சத்தம் போடாதும்மா."

அந்த அம்மா தட்டுகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

"உங்களைச் சிபாரிசு செஞ்ச தங்கச்சிக்கு இது தெரியுமா?"

மாஸ்டரின் கண் தாழ்வாரத்தில் நின்ற தங்கையிடம் போனது. தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இது தங்கை தலைக்கு வருகிற உண்மை. மனைவி என்னவாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று ஓரடி முன்னே வைத்தாள். முழங்கையைப் பிடித்திருந்த கை விலகியது.

"தெரியும் மேடம்" என்றாள் சின்னவள். "காலையிலேருந்து தெரியும். சொல்ல வேண்டாம்னதும் நான்தான்."

"சரி." அதிகாரியம்மா பேனாவை மூடினார். "நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு ரெண்டு பேரும் சூப்பரிண்டெண்ட் அறைக்கு வந்துடுங்க."

கோபமா, இல்லையா? அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. இரண்டடி போனவர் திரும்பி வந்து, முழுப்பூவில் இன்னொரு துண்டை அறுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சமையலறை ஆட்கள் பார்த்தும் பார்க்காததுமாக வேலைக்குத் திரும்பினார்கள். மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றி மடித்தார். மனைவி தொப்பியும் இல்லாமல், கேட்பாரும் இல்லாமல் உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"நல்லாத்தான் இருக்குன்னு சொல்ல வாயெடுத்துட்டேன்" என்றார் அவர் தணிந்த குரலில். "பாக்க வெள்ளையா, நுரையோட, புதுசா இருந்துது. உன் மூஞ்சியைப் பாத்ததும் வார்த்தை வரலை."

அவள் பால் பாத்திரத்தின்மேல் குனிந்தாள். ஒரு தடவை முகர்ந்தாள். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள இன்னொரு தடவையும் முகர்ந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் மாஸ்டர்.

அவள் நிமிர்ந்து, பாத்திரத்தை மூடி, சுவரோரமாகத் தள்ளி வைத்தாள்.

"கெட்டுப்போச்சுங்க."